கொடுத்த புகாரிலிருந்து பின்வாங்க நினைக்கிறவர்களுக்கு

கோத்தகிரியிலும் குன்னூரிலும் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தவள் நான். இப்போது வட்ட சட்டப்பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். எதிரிக்குத் தண்டனை வாங்கித் தரச் சொல்லி வருகிறவர்களைவிட, "அக்கா, கோபத்துல எழுதிக் கொடுத்துட்டேன், கேஸை எடுத்துடணும்" என்று வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். அடித்தவன் கணவனின் தம்பியாக இருப்பான், அல்லது எஸ்டேட்டில் அதே லைன் வீட்டு வரிசையில் அடுத்த வீட்டுக்காரனாக இருப்பான். மறுநாளும் அதே தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்க வேண்டும், அதே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

இவர்களில் பலர் ஏற்கெனவே அலைந்து களைத்துப்போய் வந்திருப்பார்கள். ஸ்டேஷனில் கேட்டால் கேஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டது என்பார்கள். கோர்ட்டில் கேட்டால் ஏ.பி.பி.யைப் பாருங்கள் என்பார்கள். ஏ.பி.பி. எனப்படும் உதவி அரசு வழக்கறிஞரோ, வக்கீல் வைத்து மனு போடுங்கள் என்பார். மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆனால் அந்த மூன்றையும் சேர்த்து ஒரு வழியாக யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு அந்த வழக்கை நடத்துவது அரசு. குற்றப்பத்திரிகையில் பாருங்கள், ஒரு பக்கம் "அரசு, காவல் ஆய்வாளர்" என்று இருக்கும், மறுபக்கம் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பெயர் இருக்கும். உங்கள் பெயர் சாட்சிப் பட்டியலில், பெரும்பாலும் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி, என்று வரும். அதனால் "எனக்கு வேண்டாம்" என்று நீங்கள் ஒரு கடிதம் கொடுத்த மாத்திரத்தில் வழக்கு நிற்காது.

அரசு வழக்கறிஞரே வழக்கைத் திரும்பப் பெற ஒரு பிரிவு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 321. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அதாவது பி.என்.எஸ்.எஸ்.-இல், 360. அதற்கும் நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். போராட்ட வழக்குகளை அரசு திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வருகிறதே, அதெல்லாம் இந்தப் பிரிவில்தான் நடக்கும். லைன் வீட்டுச் சண்டைக்காக ஏ.பி.பி. தானாக இந்த மனுவைப் போடுவார் என்று காத்திருக்காதீர்கள். ஆனால் புதிய சட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்காமல் நீதிமன்றம் இந்தத் திரும்பப் பெறுதலை அனுமதிக்கக் கூடாது. உங்களை அடித்தவர் மீதான வழக்கை அரசே கைவிட நினைத்தாலும், "எனக்குச் சம்மதமில்லை" என்று சொல்ல உங்களுக்கு இடம் உண்டு.

உங்களுக்கு உண்மையில் பயன்படும் வழிகள் இரண்டு. ஒன்று, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் சமரசம். மற்றொன்று, உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்வது. இரண்டில் எது உங்களுக்கு என்பதைப் பிரிவு எண்கள்தான் தீர்மானிக்கும்.

காகிதங்களைக் கையில் எடுங்கள்

எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். கொடுத்திருப்பார்கள், பீரோவில் எங்கேயாவது இருக்கும். இல்லையென்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். பாலியல் குற்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். அங்கே இருக்காது, அதை ஸ்டேஷனில்தான் கேட்க வேண்டும். வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டதா என்று இ-கோர்ட்ஸ் செயலியில் பார்க்கலாம். வந்திருந்தால் சி.சி. எண் என்று நீதிமன்றத்தின் வழக்கு எண் ஒன்று இருக்கும்.

எஃப்.ஐ.ஆர். இன்னும் போடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்திருந்தால் வேலை சுலபம். மேல் நடவடிக்கை தேவையில்லை என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்து, அதன் நகலில் ஸ்டேஷன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு அதைக் கிழித்துப் போடும் அதிகாரம் எந்த ஆய்வாளருக்கும் கிடையாது. விசாரித்து, ஒன்று குற்றப்பத்திரிகை, இல்லை வழக்கை முடிக்கும் அறிக்கை, இரண்டில் ஒன்றை நீதிமன்றத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். "கேஸை க்ளோஸ் பண்ணித் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முடிப்பு அறிக்கை அனுப்பினால், வழக்கை முடிக்கிறோம் என்று தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் உங்களுக்கு வரும். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். உங்கள் புகாரே பொய் என்பதுபோல் எழுதியிருந்தால், ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பிரிவுகளைப் பாருங்கள்

சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய எண்கள் இருக்கும். அதற்குப் பிறகு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்கள். எவையெல்லாம் சமரசம் ஆகக்கூடியவை என்ற பட்டியல் பி.என்.எஸ்.எஸ். 359-இல் இருக்கிறது, பழைய சட்டத்தில் 320.

சாதாரணக் காயம் 115(2), வழிமறித்தல் 126(2), மிரட்டல் 351(2), திருட்டு 303(2) போன்றவற்றில் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் 117(2), நம்பிக்கை மோசடி 316(2), ஏமாற்றுதல் 318(4) போன்றவற்றுக்கு நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். பட்டியலில் இல்லாத பிரிவு ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தப் பிரிவைக் கீழ்க்கோர்ட்டு சமரசம் செய்ய முடியாது.

நம் ஊரில் பெரும்பாலான அடிதடி வழக்குகள் சிக்கிக்கொள்வது இங்கேதான். சண்டையில் கெட்ட வார்த்தை வராமல் இருக்காது. அதனால் பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுதல் என்ற 296(b), பழைய 294(b), தமிழ்நாட்டு எஃப்.ஐ.ஆர்.களில் சர்வசாதாரணமாக ஏறிவிடும். அது சமரசப் பட்டியலில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் கத்தி. தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தி இல்லாத வீடு ஏது? கோபத்தில் கைக்கு அகப்படுவது அதுதான். லேசான கீறலாக இருந்தாலும் ஆயுதத்தால் ஏற்பட்ட காயம் என்றால் பிரிவு 118(1), பழைய 324. அதுவும் பட்டியலில் இல்லை. கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கையில் நான்கு தையல்தான். கொழுந்தனார் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டார், ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள், முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். அந்தக் காகிதத்தைக் கொண்டு வழக்கை முடிக்க முடியாது என்று சொன்னபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதியது வீண் என்று நான் சொல்லவில்லை. உயர் நீதிமன்றத்தில் சமரசம் உண்மையானது என்று காட்ட அது உதவும். அதுவே தீர்ப்பாகிவிடாது, அவ்வளவுதான்.

கணவர் வீட்டுக் கொடுமை 85 (பழைய 498ஏ), பெண்ணின் மானத்துக்குப் பங்கம் 74, கொலை முயற்சி 109, 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம், இவை எதுவும் கீழ்க்கோர்ட்டில் சமரசம் ஆகாது.

கேட்பது யார்?

மேலே போவதற்கு முன் இதை நீங்கள் உங்களுக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும். வழக்கு வேண்டாம் என்பது உங்கள் முடிவா, அல்லது உங்களை அழைத்துக்கொண்டு வந்தவரின் முடிவா? கணவன் அடித்த வழக்கில் மாமியாரும் நாத்தனாரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க ஒரு பெண் "மனசார வாபஸ் வாங்குறேன்" என்று சொன்னால் நான் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. டீ வாங்கி வரச் சொல்லியாவது மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசுவேன். அப்போது பல பேர் சொல்வது வேறாக இருக்கும். வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட ஆள் இல்லை, எஸ்டேட் குவாட்டர்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. இவையெல்லாம் நிஜமான கஷ்டங்கள். ஆனால் இவற்றுக்கு வழக்கைக் கைவிடுவது மட்டுமே மருந்து இல்லை.

அவர் ரிமாண்டில் இருப்பதுதான் உங்கள் கவலை என்றால், ஜாமீனுக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னால் போதும். வழக்கு அப்படியே இருக்கும், அவர் வெளியே வந்து வேலைக்குப் போவார். உங்கள் அருகில் வரக் கூடாது என்று நிபந்தனை போடவும் கேட்கலாம்.

அடி நிற்க வேண்டும், ஆனால் அவர் ஜெயிலுக்குப் போகக் கூடாது என்றால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை, செலவுக்குப் பணம் எல்லாம் அதில் கேட்கலாம். உத்தரவை மீறினால்தான் குற்றம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவசரம் என்றால் 181.

மிரட்டித்தான் உங்களை இங்கே அனுப்பினார்கள் என்றால் அதுவே தனிக் குற்றம். சாட்சியை மிரட்டிப் பொய் சொல்ல வைப்பதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட 2018-ஆம் ஆண்டு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்பு கேட்டு மனுவும் போடலாம். யாரும் கூட இல்லாமல் தனியாக நடுவரிடம் பேச வேண்டும் என்றால் உங்கள் வக்கீல் மூலம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை இது.

சிறுமிக்கு நடந்ததை அப்பாவும் சித்தப்பாவும் பேசி முடிக்க வந்தால் நான் எழுதித் தர மாட்டேன். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மாணவியிடம் தவறாக நடந்த ஆசிரியர் மீதான வழக்கை, தகப்பனார் சமரசமாகிவிட்டார் என்பதற்காக ரத்து செய்திருந்தார்கள். அந்த ரத்தை உச்ச நீதிமன்றம் நீக்கி வழக்கைத் தொடரச் சொன்னது. குழந்தைக்கு நேர்ந்ததைப் பெரியவர்கள் விலை பேச முடியாது.

கீழ்க்கோர்ட்டில் சமரசம்

பிரிவுகள் எல்லாம் பட்டியலுக்குள் இருக்கிறதா, சரி, இப்போது மனு எழுதலாம். ஏ.பி.பி.யைப் பார்ப்பதற்கு முன் உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பாருங்கள். ஏ.பி.பி. அரசின் வக்கீல். நீங்கள் அவரிடம் சொல்வது ரகசியமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று தயங்காதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகாவில் வட்டக் குழு இருக்கிறது, போன் என்றால் 15100.

மனு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நான் எழுதித் தருவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"மாவட்ட உரிமையியல் மற்றும் குற்றவியல் நடுவர் நீதிமன்றம், கோத்தகிரி. சி.சி. எண் ….. நான் மேற்படி வழக்கில் பாதிக்கப்பட்டவரும் அரசுத் தரப்பு முதல் சாட்சியும் ஆவேன். எதிரி என் பக்கத்து வீட்டுக்காரர். சம்பவத்துக்குப் பிறகு எங்களுக்குள் இருந்த தகராறு பேசித் தீர்க்கப்பட்டது. என் சிகிச்சைச் செலவாக ரூ. ….. பெற்றுக்கொண்டேன். யாருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 359-இன் கீழ் இக்குற்றங்களைச் சமரசம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன்."

எதிரியும் கையெழுத்துப் போடுவார். இருவரின் ஆதார் நகலும் இணைக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள். "சம்பவமே நடக்கவில்லை", "தவறுதலாகப் புகார் கொடுத்துவிட்டேன்" என்று இதில் ஒரு வரி கூட இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அப்படி ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நடந்தது நடந்ததுதான். அதை மன்னிக்கிறீர்கள், அவ்வளவே. பொய்ப் புகார் கொடுத்ததாக நீங்களே எழுதிக் கொடுத்தால் அது நாளைக்கு உங்கள் மீதே திரும்பும்.

பணம் வர வேண்டியிருந்தால் கையெழுத்துக்கு முன்னால் வாங்கிவிடுங்கள், முடிந்தால் நடுவர் முன்னிலையிலேயே டிராஃப்டாக. எவ்வளவு தொகை என்பதை மனுவில் எழுதுங்கள். சமரசம் செய்யக்கூடிய குற்றத்தில் இழப்பீடு வாங்குவது சட்டப்படி சரியானது, மறைக்க வேண்டியதே இல்லை. சமரசம் ஆகாத குற்றத்தில் வழக்கை மறைக்கப் பணம் வாங்குவது வேறு கதை, அது குற்றம்.

அன்றைக்கு நடுவர் உங்களைக் கூப்பிட்டு நேரில் கேட்பார். மனுவில் இருப்பது என்னவென்று தெரியுமா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்பார். தமிழில்தான் கேட்பார், தமிழில் பதில் சொல்லுங்கள். படுகர் மொழியோ மலையாளமோதான் சரளமாக வரும் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். புரியாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள். சமரசம் ஏற்கப்பட்டால் எதிரி விடுதலை ஆனதாகவே கணக்கு. பிறகு மனம் மாறி அதே சம்பவத்துக்கு வழக்கைத் தூசு தட்ட முடியாது. அதனால் ஒரு வாரம் தள்ளி யோசிக்க வேண்டும் என்று தோன்றினால் வாய்தா கேளுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் வைத்தும் இதை முடிக்கலாம், செலவில்லை. ஆனால் அங்கேயும் சமரசம் ஆகக்கூடிய குற்றங்கள் மட்டும்தான்.

சென்னைக்குப் போக வேண்டியிருந்தால்

பட்டியலில் இல்லாத பிரிவு இருந்தால் பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. நீலகிரிக்காரர்களுக்குச் சென்னை, பாரிமுனை. கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளைக்குப் போகலாம், அவர்களுக்கு அந்த விதத்தில் கொஞ்சம் நிம்மதி. மனு போடுவது எதிரி. செலவும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், உங்கள் ரயில் கட்டணமும் அன்றைய கூலியும் சேர்த்து. அடிபட்டவர் கடன் வாங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுவதில் என்ன நியாயம்?

நீங்கள் கூட்டுச் சமரச மனுவில் கையெழுத்துப் போட்டு, நீதிபதி முன் ஆஜராக வேண்டும். உங்களை அடையாளம் காட்ட ஸ்டேஷனிலிருந்து ஒரு அதிகாரி வருவார். காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்கச் சொல்லி வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள். கிடைத்தால் ஒரு பயணம் மிச்சம்.

எல்லா வழக்கும் ரத்தாகிவிடாது. 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு போட்டுத் தந்தது. குடும்பத் தகராறு, பணத் தகராறு போல இரண்டு பேருக்குள் முடியும் விஷயம் என்றால் ரத்து செய்யலாம். கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவை சமூகத்துக்கே எதிரானவை, இருவர் கைகுலுக்கினால் தீர்ந்துவிடாது. 2014-இல் நரிந்தர் சிங் வழக்கில் கொலை முயற்சிப் பிரிவு பற்றிச் சொன்னார்கள். பிரிவின் பெயரை மட்டும் பார்க்காமல், காயம் உடம்பில் எங்கே, என்ன ஆயுதம், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று. அதனால் மருத்துவமனையில் கொடுத்த காயச் சான்றிதழின் நகலை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளிலும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2021-இல் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அங்கே நீதிபதிகள் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். பார்க்கவும் வேண்டும். இருளர், பணியர் போன்ற பழங்குடியினரின் குடியிருப்புகளில் சமரசம் என்ற பெயரில் நடப்பது என்ன என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கூண்டில் ஏறிப் பொய் சொல்லாதீர்கள்

இவ்வளவு சுற்று எதற்கு, சாட்சி சொல்லும்போது "எனக்கு எதுவும் தெரியாது" என்று மாற்றிச் சொல்லிவிட்டால் கேஸ் தானாக உடைந்துவிடும் என்று யோசனை சொல்கிறவர்கள் நிறைய. பிறழ் சாட்சியாகிவிடுங்கள் என்கிறார்கள். சொல்கிறவருக்கு இதில் நஷ்டம் இல்லை, சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நிற்பது நீங்கள். பொய் சாட்சி சொன்னதாக அந்த நீதிமன்றமே சுருக்கமாக விசாரித்து மூன்று மாதம் வரை சிறை தரலாம். முழு வழக்காகப் போனால் ஏழு வருடம் வரை இடமுண்டு. நடுவரிடம் ஏற்கெனவே பி.என்.எஸ்.எஸ். 183-இன் கீழ், பழைய 164, வாக்குமூலம் கொடுத்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மருத்துவரும் மற்ற சாட்சிகளும் சொல்வதை வைத்து எதிரிக்குத் தண்டனை கொடுக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் நீங்கள் பொய் சொன்னதும் வீண். வழக்கு ரத்தாகாமல் சாட்சிக்குப் போயே ஆக வேண்டிய நிலை வந்தால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கடைசியில், அவரை மன்னித்துவிட்டேன், தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று கேளுங்கள். அதை நீதிபதி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக இரண்டு காரியம். அடிதடி என்றால் அவர்களும் உங்கள் மீது எதிர் வழக்குப் போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பேச்சில் முடியுங்கள். உங்கள் வழக்கைச் சமரசம் செய்துவிட்டு அவர்களுடையதை அடுத்த வாய்தாவுக்கு விட்டுவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிய இன்னும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். அப்புறம், உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு வாங்கி, ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். உயர் நீதிமன்ற உத்தரவு என்றால் கீழ்க்கோர்ட்டிலும் ஒரு நகல் தாக்கல் செய்ய வேண்டும். இல்லையென்றால் அங்கே வழக்கு நிலுவையிலேயே நிற்கும், உங்களுக்குச் சாட்சி சம்மனும் வந்துகொண்டே இருக்கும்.